புளித்த மாவு என்றொரு இசைக்குழு

புனேயின் கோந்த்வா பகுதியில் ஒரு கல்யாண ஹால். மேடைக்குப் பின்னால், அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வயலினை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். வெளியே நல்ல மத்தியான வெயில். என் தோளில் மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி ஒன்று கிடந்தது. ஓரத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு நெசவு. எத்தியோப்பியப் பெண்கள் விழா நாளில் போர்த்திக்கொள்வது. முன்பின் பார்த்திராத ஒரு பெண் வந்து அதைப் போர்த்திவிட்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து மூன்று முறை முத்தம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். இரண்டோடு முடிந்தது என்று நினைத்து நான் திரும்ப, மூன்றாவதில் இருவர் மூக்கும் இடித்துக்கொண்டன.

திரைக்கு அந்தப் பக்கம் நூறு பேருக்கு மேல். புனேயில் படிக்கும் எத்தியோப்பிய மாணவர்கள், சிலருடைய குடும்பங்கள், அவர்களோடு படிக்கிற நம் பிள்ளைகள். எத்தியோப்பியப் புத்தாண்டு செப்டம்பரில் வருகிறது. சில வருஷங்களில் கணபதி நாட்களை உரசிக்கொண்டு போகும். அந்த வருஷம் உரசவில்லை, நேராக மோதிவிட்டது. ஹாலுக்கு வெளியே கணபதியைக் கரைக்கப் போகிற விசர்ஜன ஊர்வலம். டோல் என்கிற பெரிய மேளத்தின் ஒவ்வொரு அடிக்கும் நாற்காலி அடுக்கு நடுங்கியது.

எங்கள் குழுவின் முதல் கச்சேரி அது. குழுவில் மொத்தமே நான்கு பேர். அதில் ஒருவரைக் காணோம்.

காணாமல் போனவர் தத்தா, சாக்ஸபோன்காரர். போன் போட்டால் எடுத்தார்.

"ஹலோ தத்தா, எங்க இருக்கீங்க?"

"ஆலோ தாயி, ஆலோ!"

மராத்தியில் 'தாயி' என்றால் அக்கா, 'ஆலோ' என்றால் வந்துவிட்டேன். தத்தா ஒரு முறை ஆலோ சொன்னால் அரை மணி. இரண்டு முறை சொன்னால் இன்னும் கிளம்பவே இல்லை என்று அர்த்தம்.

கீபோர்டு வாசித்துப் பாடுகிற தாவித் என் முன்னால் வந்து குந்தினான். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பான். மண்ணியலில் ஆராய்ச்சி செய்ய அடிஸ் அபாபாவிலிருந்து வந்தவன். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, இனிமே நிறுத்தி வைக்க முடியாது. முதல் பாட்டை நீங்க ஆரம்பிங்க."

முதல் பாட்டு சாக்ஸபோனில் தனியாகத் தொடங்க வேண்டியது. அதை நான் தொடங்குவதா? என் வயிறு ஒரு படி கீழே இறங்கியது. அது ஏன் என்று சொல்வதற்கு நான் வெகுதூரம் பின்னால் போக வேண்டும். வாராவாரம் இதைப் படிக்கிறவர்களுக்கு என் கெட்ட பழக்கம் தெரிந்திருக்கும். நடுத்தெருவில் உங்களை நிறுத்திவிட்டு வேறு சந்துக்குள் புகுந்துவிடுவேன்.

புகார் கொண்டுபோன செயலாளர்

விஷ்ராந்த்வாடியில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் செயலாளர் பதவியை யாரும் கேட்டு வாங்குவதில்லை. கூட்டத்துக்கு வராத ஆள் யாரோ அவர் தலையில் கட்டிவிடுவார்கள். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். ஜுரம் விட்டு எழுந்தபோது செயலாளர் ஆகியிருந்தேன்.

எனக்கு வந்த முதல் புகார் ஐந்தாவது மாடியைப் பற்றி. புதிதாக வாடகைக்கு வந்திருக்கும் வெளிநாட்டுப் பையன் எதையோ தீய்க்கிறான், மாலையானால் ஒரே சத்தம். நான்காம் மாடி ஜோஷிதான் புகார்க்காரர். கூட இருந்த இன்னொருவர், "இந்த மாதிரி ஆளுங்களுக்கு வீடே கொடுத்திருக்கக் கூடாது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா ஆரணியிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த புதிதில், போபோடியில் வீடு வீடாக ஏறி இறங்கியபோது, மத்ராசிக்கு வீடில்லை என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்ததாகச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் புகாரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மாடி ஏறினேன். லிப்ட் வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்ய வேண்டியதும் நான்தான்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டேன்.

மேலேயிருந்து கீபோர்டில் ஒரு ராகம் இறங்கி வந்தது. ஐந்தே சுரங்கள். ச, க, ம, ப, நி. கோயிலில் சாமி புறப்படும்போது நாதஸ்வரத்தில் வாசிப்பார்களே, அந்தக் கம்பீரநாட்டை. ஆனால் இது நிமிர்ந்து நடக்கவில்லை. தோளை ஒரு பக்கம் சாய்த்து, கொஞ்சம் நொண்டி, கொஞ்சம் சிமிட்டி, சாமியே பல்லக்கிலிருந்து இறங்கி ஆடிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

மீதி இரண்டு மாடியை எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. கதவைத் தட்டினேன். திறந்தவன் தாவித், கையில் ஒரு வாணலி. அதில் கறுப்பாக வறுபட்ட காப்பிக்கொட்டை. ஜோஷிக்குத் தீய்ந்த வாசனை அதுதான்.

"என்ன ராகம் அது?" என்றேன். புகாரைச் சொல்லவே இல்லை.

"பாத்தி" என்றான்.

"வெங்காயப் பாத்தியா?"

அவனுக்குப் புரியவில்லை. எங்கள் பேச்சு அன்றும் இன்றும் பாதி இந்தி, பாதி ஆங்கிலம், மேலே கொஞ்சம் மராத்தி தூவியது. நான் இங்கே தமிழில் தருகிறேன். பாத்தி என்பது அவர்கள் நாட்டில் ஒரு ஊர். அந்த ஊர்ப் பெயரில் ஒரு சுரவரிசை. அவர்களுடைய பழைய பாட்டுகள் அதில் இருக்கின்றன. ஜாஸ் வந்தபோது சாக்ஸபோனும் டிரம்பெட்டும் அந்தப் பாட்டுகளுக்குள் நுழைந்து, வேறு எங்கேயும் இல்லாத ஒரு இசை பிறந்தது. இதையெல்லாம் அவன் கையை ஆட்டிச் சொல்ல, நான் கம்பீரநாட்டையை வாயால் பாடிக் காட்ட, அவன் வாணலியைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினான்.

"இது எங்களோடது!"

"இல்லப்பா, எங்களோடது!"

காப்பி மூன்று சுற்று குடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டுமாம். கூடவே பாப்கார்ன். காப்பிக்குப் பாப்கார்ன் என்பதை நான் அன்றுதான் கண்டேன். இரண்டாவது சுற்றில் என் வயதைக் கேட்டான். நாற்பத்தேழு என்றேன். "எங்க காலண்டர் உங்களுடையதைவிட ஏழு வருஷம் பின்னால போகுது. அங்க வந்தா உங்களுக்கு நாற்பது" என்றான். பிறந்த வருஷமும் சேர்ந்து பின்னால் போகும், ஆகவே கணக்கு தப்பு என்று வங்கியில் வேலை செய்யும் எனக்குத் தெரியாதா? இருந்தாலும் அன்று முழுக்க நாற்பதாகவே நடமாடினேன்.

கீழே ஜோஷி காத்திருந்தார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"இன்னொரு கப் குடிங்கன்னான்."

மூன்று நாள் மாவு

என் கணவர் ரவிக்குப் புளித்த தோசை ஆகாது. மாவு ஒரு நாளைத் தாண்டினால் மூக்கைச் சுளிப்பார். அந்த வாரம் நான் வேலை மும்முரத்தில் ஒரு பாத்திரம் மாவை மறந்துவிட்டேன். மூன்று நாள் புளித்துப் பொங்கி, மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"இன்னா செல்வி இது, சாராயம் காச்சறியா?" என்றார் ரவி.

கொட்டப் போனவள் ஏதோ நினைத்து ஐந்தாவது மாடிக்கு எடுத்துப் போனேன். தாவித் முகர்ந்து பார்த்தான். கண் மூடிக்கொண்டது. அவர்கள் ஊரில் தினமும் சாப்பிடுவது புளிக்கவைத்த மாவில் ஊற்றுகிற, போர்வை மாதிரி அகலமான, பொத்தல் பொத்தலான இஞ்சேரா. அதற்குரிய தானியம் இங்கே சுலபத்தில் கிடைப்பதில்லை. என் மாவில் ஒன்றைத் திருப்பிப் போடாமல் சுட்டு, காரமான பருப்புக் குழம்போடு சுருட்டி, எழுந்து வந்து என் வாயில் அவன் கையாலேயே ஊட்டினான். அது அவர்கள் மரியாதையாம். நான் திகைத்துப் போய் விழுங்கினேன். நன்றாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு மாவு இரண்டு பாத்திரம். ஒன்று ரவிக்கு, ஒன்று தாவித்துக்கு. பின்னால் குழுவுக்குப் பெயர் தேடி நாங்கள் நான்கு பேரும் இரண்டு வாரம் சண்டை போட்டபோது, ரவிதான் சலித்துப் போய், "புளிச்ச மாவுன்னு வச்சிக்குங்க, அதான பொருத்தம்" என்றார். மராத்தியில் சொல்லிப் பார்த்தோம், தாவித்தின் அம்ஹாரிக் மொழியில் சொல்லிப் பார்த்தோம். எல்லா மொழியிலும் சிரிப்பு வந்தது. வைத்துவிட்டோம்.

ஒன்று எங்கே?

தத்தா கிடைத்தது ஒரு கல்யாண ஊர்வலத்தில். எதிர்க் கட்டடத்து மாப்பிள்ளை குதிரை மேல் போய்க்கொண்டிருந்தார். முன்னால் சிவப்புக் கோட்டும் தங்க ஜரிகையுமாக பேண்டுக்காரர்கள். அதில் ஒருவர் சாக்ஸபோனில் சுரத்தை வழுக்கி, அழவைத்து, கடைசியில் கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டிருந்தார். தாவித் ஐந்து மாடியும் ஓடி இறங்கி, ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் குளியலறைச் செருப்புமாகக் குதிரைக்கு முன்னால் போய் நின்றான். மாப்பிள்ளை வீட்டார் அவன் ஆட வந்ததாக நினைத்து நடுவில் இழுத்துவிட்டார்கள். அவனும் ஆடினான். இடுப்புக்குக் கீழே ஒன்றும் அசையாமல், தோள் இரண்டும் மட்டும் தனியாகத் துடித்துக் குலுங்குகிற அவர்கள் ஊர் ஆட்டம். குதிரை மிரண்டது. தத்தா வாசிப்பை நிறுத்தாமல் அவனைச் சுற்றி வந்தார். ஊர்வலம் முடிவதற்குள் இருவரும் நண்பர்கள்.

தத்தா என்னைவிட நாலைந்து வயது சின்னவர். நான் போனில் தம்பியிடம், "தத்தா இன்னிக்கி ரொம்ப நல்லா ஊதினாரு" என்று சொல்ல, அவன், "எந்தத் தாத்தாக்கா? நமக்குத்தான் ரெண்டு தாத்தாவும் இல்லியே?" என்று கவலைப்பட்டான்.

டோல்கி என்கிற சின்ன மத்தளம் வாசிக்கும் வைஷாலி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தாள். ரவிக்குச் சர்க்கரை பார்க்க ரத்தம் எடுக்க வந்த பரிசோதனைக்கூடத்துப் பெண். மாடியிலிருந்து தாவித்தின் கீபோர்டு கேட்டது. ஊசியை ரவியின் கையில் வைத்தபடியே அவளுடைய இன்னொரு கை மேஜையில் தாளம் போட ஆரம்பித்தது.

"அம்மாடி, மொதல்ல ஊசிய எடும்மா!" என்று ரவி அலறினார்.

கல்லூரி நாளில் லாவணி என்கிற மராட்டிய நாட்டுப்புற நடனம் ஆடுகிறவர்களுக்கு டோல்கி வாசித்தவள். அடுத்த ஞாயிறே டோல்கியோடு வந்துவிட்டாள்.

போபோடியில் என் தம்பி வீட்டு மொட்டைமாடியில் பயிற்சி. பக்கத்திலேயே ரயில் பாதை. லோக்கல் ரயில் போகும்போதெல்லாம் நிறுத்திவிட்டு வடாம் சாப்பிடுவோம். முதல் மூன்று ஞாயிறும் ஒரு சுரம்கூட உருப்படியாக வாசிக்கவில்லை. சண்டை ஒரே விஷயத்தில். தாளம் ஆறு எண்ணிக்கை. அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்த ஆறு தொடங்குகிற 'ஒன்று' எங்கே?

தாவித் ஓரிடத்தில் தலையாட்டினான். வைஷாலி வேறிடத்தில் ஓங்கி அடித்தாள். நான் தகிட தகிட என்று தொடையில் போட்டுக்கொண்டு மூன்றாவதாக ஒரு இடத்தில் நின்றேன். தத்தாவைக் கேட்டால், "குதிரை எங்க காலை வைக்குதோ அதுதான் ஒன்று" என்றார். இங்கே ஏது குதிரை?

நான்காவது ஞாயிறு, வைஷாலிக்கே பொறுமை போய், "எல்லாரும் அவங்கவங்க ஒன்றையே வச்சுக்கங்க, பார்க்கலாம்" என்றாள். அப்படியே வாசித்தோம். நான்கு பேரும் நான்கு வாசல் வழியாக ஒரே வீட்டுக்குள் வந்து கூடத்தில் மோதிக்கொண்ட மாதிரி இருந்தது. பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் கையிலிருந்த புடவையைக் கொடியில் போட மறந்து நின்றுவிட்டாள். நாங்கள் வாசித்து முடித்ததும் குதித்தோம். நாற்பத்தேழு வயதில் நான் மொட்டைமாடியில் குதித்தேன். கீழேயிருந்து தம்பி மனைவி, "அண்ணி, காரை பேந்து விழுது!" என்று கத்தினாள்.

நான் எழுந்து போன மேடை

இப்போது அந்த வயிற்றுக்கு வருகிறேன்.

பத்தொன்பது வயதில், எங்கள் பக்கத்துத் தமிழ்க் கோயில் திருவிழாவில் எனக்குத் தனிக் கச்சேரி கொடுத்தார்கள். ஏழு வருஷம் வயலின் கற்றிருந்தேன். அப்பாவின் தொழிற்சாலை நண்பர்கள் எல்லாரும் வேலை உடுப்போடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது உருப்படியில், நடுவில், திடீரென்று எல்லாம் போய்விட்டது. அடுத்த வரி என்ன என்று தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூடச் சரியில்லை. அப்படி ஒரு வரி இருந்ததற்கான அடையாளமே தலைக்குள் இல்லை. மிருதங்கக்காரர் நல்ல மனிதர், சுற்றிச் சுற்றி வாசித்துக் காத்திருந்தார். நான் வயலினைக் கீழே வைத்தேன், எழுந்தேன், படி இறங்கி, செருப்புக்கூடப் போடாமல் வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்பா என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். அதை வாசலில் வைத்துவிட்டு, "சாப்டியாம்மா?" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் மறுநாள் வாசித்திருப்பேனோ என்னவோ.

அதற்கப்புறம் இருபத்தெட்டு வருஷம் வயலின் பெட்டி, குளிர்காலக் கம்பளிகளோடு பரணில் கிடந்தது. தாவித்தின் மூன்றாவது காப்பிக்கு மறுநாள்தான் ரவியை ஸ்டூல் போட்டு ஏறச் சொன்னேன். தூசி தட்டித் திறந்தபோது இரண்டு தந்தி அறுந்து கிடந்தது.  மாலையில் ரவி லட்சுமி ரோட்டுக்குப் போய்ப் புதுத் தந்தி வாங்கி வந்து டிவி மேல் வைத்தார்.

மொட்டைமாடியில் வாசிப்பது வேறு. மேடை வேறு. இந்த விஷயத்தைக் குழுவில் யாருக்கும் நான் சொல்லியிருக்கவில்லை.

ரிஷபம்

ஹாலில் திரை விலகியது.

விழாக்குழுத் தலைவர் அபெபெ என்கிற மூத்த ஆராய்ச்சியாளர் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். எங்களை அழைத்ததே அரை மனதாகத்தான். "இதெல்லாம் எங்க அம்மா அப்பா பாடின பாட்டு. எதையாவது கலந்து கெடுத்துடாதீங்க" என்று தாவித்திடம் முதலிலேயே சொல்லியிருந்தார். தாவித் அதை எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பை இப்போது மேடையில் காணோம்.

நான் மட்டும் மேஜை மேல் ஜமுக்காளம் விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். நின்று வாசிக்கத் தெரியாது. வில்லைத் தந்தியில் வைத்தேன்.

எல்லாம் போய்விட்டது.

அதே மாதிரி. துடைத்துவிட்ட கரும்பலகை. தாவித் என்னைப் பார்க்கிறான். வைஷாலி டோல்கி மேல் கையை வைத்தபடி என்னைப் பார்க்கிறாள். வெளியே டோல் சத்தம். உள்ளே ஒரு குழந்தை இருமியது. படி எந்தப் பக்கம் இருக்கிறது என்று என் கண் தேடியதை மறைக்காமல் சொல்கிறேன். இடதுபுறம், ஐந்து படி. ஹாலின் ஓரத்தில் ரவி நின்றிருந்தார். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் தாழ்த்தி, 'இரு, இரு' என்று மெதுவாக அசைத்தார்.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. அந்த மௌனம் எங்கள் இசையின் ஒரு பகுதி என்று அங்கே இருந்தவர்கள் நினைத்துவிட்டார்கள். எனக்குப் போர்வை போர்த்திய அந்தப் பெண், மூக்கு இடித்தவள், முன்வரிசையில் எழுந்து நின்றாள். நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள்.

குலவை! அசல் நம் ஊர்க் குலவை. பொங்கல் பானை பொங்கும்போது ஆரணியில் என் அத்தைகள் போடுவார்களே, அதே கூர்மை. தூக்கிவாரிப் போட்டது. கை உதறி, வில் தந்தியில் இழுபட்டு, கீச்சென்று ஒரு சுரம் வந்து விழுந்தது.

ரிஷபம். அந்த ராகத்தில் இல்லவே இல்லாத சுரம்.

செத்தேன் என்று நினைத்தேன். தாவித் அரை நொடி விழித்தான். பிறகு அவன் முகம் முழுக்க ஒரு சிரிப்பு பரவியது. கீபோர்டில் அதே ரிஷபத்தை அழுத்தினான். இன்னொரு முறை அழுத்தினான். அப்புறம் அதை அப்படியே வழுக்கி காந்தாரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு என்னைப் பார்த்தான். வாங்க அக்கா, இதுதான் வாசல் என்கிற மாதிரி.

போனேன். ச, க, ம, ப, நி எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எங்கேயும் போகவில்லை. வைஷாலி டோல்கியில் இறங்கினாள். இன்னும் நான்கைந்து குலவை எழுந்தது. தாவித் பாட ஆரம்பித்தான். அவர்களுக்கெல்லாம் தெரிந்த பழைய பாட்டு போலிருக்கிறது, முதல் வரிக்கே ஹால் சேர்ந்துகொண்டது. பாடிக்கொண்டே அவன் வரியைத் திரும்பத் திரும்பச் சுற்றினான். ஒரு சுற்றைத் தவறவிட்டால் அடுத்த சுற்றில் ஏறிக்கொள்ளலாம். இப்படி ஒரு சங்கீதம் இருக்கிறது என்று பத்தொன்பது வயதில் எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

மூன்றாவது சுற்றில், ஹாலின் பின்கதவு திறந்தது.

முதலில் சத்தம்தான் வந்தது. சாக்ஸபோன், எங்கள் சுருதியில், எங்கள் பாட்டில். பிறகு ஆள். சிவப்புக் கோட்டு, தங்க ஜரிகை, தலையிலிருந்து ஷூ வரை இளஞ்சிவப்புக் குலால் பொடி. ஊர்வலத்தில் வாசித்துக்கொண்டிருந்தவர் தெருவிலேயே எங்கள் பாட்டைக் கேட்டு அங்கிருந்தே பிடித்திருக்கிறார். பின்னால் அதே கோலத்தில் இரண்டு டிரம்பெட்காரர்கள்! யாரும் அழைக்கவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே வாசித்துக்கொண்டே நடந்து வந்தார்கள். வெள்ளை வெளேரென்று உடுத்தியிருந்த எத்தியோப்பியர்கள் ஒதுங்கவில்லை, எழுந்து பின்னாலேயே ஆடிக்கொண்டு வந்தார்கள். தோள்கள், எங்கு பார்த்தாலும் தோள்கள். ரவியைப் பார்த்தேன். சர்க்கரை, முதுகுவலி, அடுத்த வருஷம் ஓய்வு. அந்த மனிதர் இரண்டு பெண்களுக்கு நடுவில் தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தார். குலுக்கத் தெரியாமல் வயிறும் சேர்ந்து குலுங்கியது.

ஏழு பாட்டு வாசித்தோம். தெரிந்தது ஐந்துதான். மீதி இரண்டு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

முடிந்ததும் அபெபெ மேடைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஆரம்பம். அந்த மௌனம், அப்புறம் அந்த ஒரே ஒரு தப்பான சுரம். என்ன துணிச்சல்! எவ்வளவு நாள் பயிற்சி செஞ்சீங்க?"

"இருபத்தெட்டு வருஷம்" என்றேன்.

அவர் மரியாதையோடு தலை குனிந்தார். நான் சிரித்து, சிரிப்பு நிற்காமல், திரைக்குப் பின்னால் போய் அழுதுவிட்டேன். அங்கே வைஷாலி மீதி வடாபாவைத் தின்றுகொண்டிருந்தாள். எனக்குப் பாதி பிய்த்துக் கொடுத்தாள். அவளிடம்தான் முதன்முதலாக அந்தக் கோயில் மேடைக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"செருப்பு திரும்பக் கிடைச்சுதா தாயி?" என்றாள்.

"கிடைச்சுது."

"அப்ப சரி."

தெருவில்

மூன்று மணி இருக்கும். சாமான்களைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தால் தெரு நகரவில்லை. ஊர்வலத்து லாரியின் ஜெனரேட்டர் நின்றுபோய், ஒலிபெருக்கி செத்துக் கிடந்தது. டோல்காரர்கள் களைத்துப்போய் நடைபாதையில் உட்கார்ந்து சர்பத் குடித்துக்கொண்டிருந்தார்கள். பூ அலங்காரத்தோடு கணபதி வெயிலில் காத்திருந்தார். ஊர்வலத்தை நடத்துகிற கணபதி மண்டலத்துப் பையன்கள் தத்தாவைப் பார்த்ததும் பாய்ந்து வந்தார்கள்.

"தத்தா அண்ணே! நடுவுல விட்டுட்டு ஓடிட்டீங்களே! வாங்க, வாசிங்க!"

"தனியா வர மாட்டேன். இவங்கல்லாம் என் குழு" என்றார் தத்தா. கையைச் சுழற்றிக் காட்டினார். அந்தச் சுழற்றலில் நானும், தாவித்தும், வைஷாலியும், வாசலில் நின்றிருந்த அத்தனை எத்தியோப்பியர்களும் அடங்கினோம்.

பையன்கள் எங்களை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார்கள். "சலா, போகலாம்!" என்றார்கள்.

தாவித்தின் கீபோர்டுக்கு மின்சாரம் இல்லை. அவன் அதை ரவி கையில் திணித்துவிட்டு வெறுங்கையோடு முன்னால் ஓடினான். வைஷாலி டோல்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். தத்தா பாத்தியை எடுத்தார். இல்லை, கம்பீரநாட்டையை. எதுவாக இருந்தால் என்ன, சாமி புறப்பட்டுவிட்டது.

நான் உட்கார இடம் தேடினேன். நடுத்தெருவில் யார் மேஜை போடுவார்கள்? "அக்கா, நின்னுகிட்டே!" என்று தாவித் கத்தினான். வயலினைத் தோளில் தூக்கி வைத்தேன். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் தாடையால் அழுத்தினேன். புடவைத் தலைப்பு ஒரு பக்கம், வெள்ளைப் போர்வை மறுபக்கம். யாரோ ஒரு கை குலாலை என் தலையில் கொட்டினார்கள். வில்லை இழுத்தேன், நடந்தேன். இரண்டு டிரம்பெட், ஒரு சாக்ஸபோன், எழுந்துவிட்ட டோல்காரர்கள் இத்தனைக்கும் நடுவில் என் வயலின் எனக்கே கேட்கவில்லை. ஆனாலும் முழு வில்லும் போட்டு வாசித்தேன். என்னைச் சுற்றிலும் வெள்ளை உடுப்புகள் ஒவ்வொன்றாக இளஞ்சிவப்பாகிக்கொண்டிருந்தன. அபெபெ கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, மண்டலத்துப் பையன் ஒருவனுக்குத் தோள் குலுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டு போனார்.

பின்னாலிருந்து ரவியின் குரல் கேட்டது. கீபோர்டைத் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"செல்வி! நில்லு! வண்டி ஹாலாண்ட நிக்குதுடி!"

"நிக்கட்டும்!" என்றேன்.

நாங்கள் திருப்பத்தில் திரும்பினோம்.